கடல் தாண்டிய தோஷம் யாருக்கு?

நமது தஞ்சை ஜில்லாவிலிருந்து பிள்ளைகள் சீமைக்கும் அமெரிக்காவுக்கும் படிக்கப் போவது இன்று ஒரு அதிசயமல்ல. அப்படிப் போன பிள்ளையின் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று எந்த வைதிகரும் இப்போது சொல்லுவதில்லை. அதற்குப் பதிலாக விமானம் ஏறுமுன் ஒரு அர்ச்சனையும், திரும்பி வந்ததும் ஒரு ஹோமமும் நடத்தி வைத்துத் தட்சிணை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாம் கேட்பதெல்லாம், நேற்று வரையில் சமுத்திரத்தில் இருந்துவந்த தோஷம் இன்று எங்கே போய்விட்டது என்பதுதான்.

தோஷம் இருந்தது என்பது நமது கற்பனையல்ல. பௌதாயன தர்ம சூத்திரம், ஜாதியிலிருந்து விழச் செய்யும் பாவங்களை எண்ணும்போது கடற்பிரயாணத்தைத்தான் முதலில் வைக்கிறது. மனுவோ, வீட்டுக்குத் தீ வைத்தவனையும் விஷம் கொடுத்தவனையும் சொன்ன அதே மூச்சில், சமுத்திரத்தில் போனவனையும் சிராத்தத்துக்குக் கூப்பிடக்கூடாது என்கிறார். படிக்கப் போனவனும் தீ வைத்தவனும் ஒன்றாம்!

இந்தச் சாஸ்திரம் என்ன செய்தது என்பதற்கு நாம் தூரதேசம் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜம் என்னும் கணித மேதையின் சரித்திரமே போதும். ஜவுளிக்கடை குமாஸ்தாவின் மகன். கும்பகோணம் காலேஜில் கிடைத்த உபகாரச் சம்பளத்தை இங்கிலீஷில் தவறியதால் இழந்தவர். பிறகு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அதைப் பார்த்து அசந்துபோய், இந்த மனிதரை எப்படியாவது இங்கே கொண்டுவர வேண்டும் என்று துடித்தார். ஆனால் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை கடல் தாண்டலாமா? அந்த வருஷம் அழைப்புக்கு மறுப்புத்தான் பதிலாகப் போயிற்று. கடைசியில் அவருடைய தாயார் ஒரு கனாக் கண்டதாகவும், அதில் நாமக்கல் நாமகிரித் தாயாரே, மகனைத் தடுக்காதே என்று உத்தரவு கொடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் குடுமியை எடுத்துக்கொண்டு, 1914 மார்ச் 17-ந் தேதி கப்பலேறினார்.

அங்கே அவர் பெற்றது என்ன என்பதை உலகமே அறியும். 1918-இல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. டிரினிட்டி காலேஜும் அதே வருஷம் அவரைத் தன் பெல்லோவாக எடுத்துக்கொண்டது. அங்கேயும் சைவச் சாப்பாட்டைத் தாமே சமைத்துக்கொண்டு, யுத்த காலத்தின் பஞ்சத்திலும் குளிரிலும் உடம்பைக் கெடுத்துக்கொண்டு, 1919-இல் நோயாளியாய்த் திரும்பினார். பாவம் தீர ராமேஸ்வரம் போகவேண்டும் என்று தாயார் எண்ணியிருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் 32-ஆம் வயதில் மாண்டார். பிராயச்சித்தம் செய்யாத உடம்பு என்று வைதிக உறவினர் பெரும்பாலோர் அந்தச் சாவுக்கே வரவில்லை என்று அவர் சரித்திரத்தை ஆராய்ந்து எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

கனவில் வந்து உத்தரவு கொடுத்த தாயார், அந்த உறவினர்களின் கனவிலும் ஒருமுறை தலைகாட்டியிருக்கக் கூடாதா?

அவர் சாவதற்கு முந்தின வருஷம் ஜனவரியில், சீமையில் நோயோடு இருந்தபடியே, சென்னைச் சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு வருஷத்துக்கு 250 பவுன் கொடுப்பது தம் தேவைக்கு அதிகம். பெற்றோருக்கு 50 பவுன் போக, தமக்கு வேண்டிய செலவு நீங்கிய மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகளுடைய பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடவேண்டும் என்பது அதன் சாரம். வெளிநாடு போய் வந்தவன் ஊருக்குச் செய்யவேண்டிய தொண்டு இதைவிட வேறென்ன? இந்த மனிதரைத்தான் தோஷமுள்ளவர் என்றார்கள்.

இது இப்படியிருக்க, அதே காலத்தில் நமது நாகப்பட்டணத்துறையில் நடந்ததையும் பார்க்கவேண்டும். பினாங்கு போகும் கப்பல்களில் நமது காவிரிக்கரைப் பண்ணையாட்கள், ஆதிதிராவிடத் தோழர்கள், ஆயிரக்கணக்காய் ஏறினார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாய். 1910-இல் அந்த முறை ஒழிந்த பிறகு கங்காணிக்கு ஆட்களாய். மலாய் நாட்டு ரப்பர்க் காட்டில் ரத்தம் சிந்தினார்கள். கப்பல் படியில் நின்றுகொண்டு, "ஐயோ, ஜாதி கெடுகிறதே, போகாதே" என்று ஒரு சாஸ்திரியாவது அவர்களைத் தடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கெடுவதற்கு அவர்களுக்கு என்ன மிச்சம் வைத்திருந்தார்கள்? மிராசுதார்கள் முணுமுணுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது நடவுக்கு ஆள் குறைகிறதே என்ற கவலை. (ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினானே, அவனுக்கு யார் பஞ்சகவ்வியம் கொடுத்தார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.)

இன்னொரு மாணவரையும் பார்ப்போம். 1913-இல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தின் பணத்தில் அமெரிக்கா போனார். படித்து வந்து பத்து வருஷம் சமஸ்தானத்துக்குச் சேவை செய்யவேண்டும் என்பது நிபந்தனை. கொலம்பியா சர்வகலாசாலையில் 1916-இல் இந்தியாவில் ஜாதி எப்படி உண்டாயிற்று என்பதைப் பற்றியே ஒரு கட்டுரை படித்தார். சொன்ன வாக்குப்படி 1917-இல் பரோடாவில் வேலைக்கு வந்தபோது குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு தங்கினார்; தடிகளோடு வந்து துரத்திவிட்டார்கள். கும்பகோணத்து மாணவருக்குக் கடல் ஜாதியைக் கெடுத்தது. இவருக்கோ எத்தனை கடல் தாண்டியும் ஜாதி கெடவில்லை!

இதெல்லாம் பழங்கதை என்று சிலர் சொல்லலாம். தாழ்த்தப்பட்டவர், நிலமற்ற விவசாயக் கூலிகள் முதலியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் மேல்படிப்புப் படிக்க இந்திய சர்க்கார் ஒரு உபகாரச் சம்பளம் வைத்திருக்கிறது. 1954-55 முதல் நடந்து வருவது, நல்ல காரியமே. ஆனால் 2022-23-ஆம் வருஷத்து விதிகளில் புதிதாய் ஒன்றைச் சேர்த்தார்கள். இந்தியாவின் கலாசாரம், பாரம்பரியம், சரித்திரம், சமூகம் ஆகியவற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்ய இந்தப் பணம் கிடையாது என்பதே அது. இவற்றை உள்நாட்டிலேயே படிக்கலாமே என்று காரணமும் சொன்னார்கள்.

இதன் அர்த்தம் என்ன? 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில், கூலித் தகராறில், 44 ஆதிதிராவிடரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பக்கத்துக் கூலிக்காரர் பிள்ளையொன்று, அது ஏன் நடந்தது என்று லண்டனில் ஆராயப் போகிறேன் என்றால், இந்த விதிப்படி பணமில்லை. யந்திரம் படிக்கலாம், மருந்து படிக்கலாம். தன் பாட்டனை எரித்த தீயைப் பற்றி மட்டும் படிக்கக்கூடாது. அம்பேத்கர் இந்த விதிக்கு உட்பட்டிருந்தால் கொலம்பியாவில் அந்த ஆராய்ச்சியே செய்திருக்க முடியாது. சமுத்திரத்தைத் தாண்டலாம், ஆனால் அங்கே நின்று திரும்பிப் பார்க்காதே என்பதுதான் இந்தப் புது சாஸ்திரம்.

கிராமங்களிலுள்ள தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். இந்த உபகாரச் சம்பளம் இருப்பதே நமது கூலிக்காரத் தெருக்களில் பலருக்குத் தெரியாது. பட்டம் வாங்கிய பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்து, தாசில்தார் ஆபீசில் ஜாதி, வருமானச் சான்றுகளை வாங்கிக் கொடுத்து, மனுவைப் பூர்த்தி செய்து அனுப்ப உதவுங்கள். அறிவிப்பில் மேற்படி தடை இருக்கக் கண்டால், அதை எடுத்துவிடும்படி ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்புங்கள்.