புகைக்கு நோயாளிதான் கதவடைக்க வேண்டுமா?

மாசி, பங்குனியில் வேம்பும் வாதாமும் இலை உதிர்க்கத் தொடங்கியதும், எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரே கேள்வி பலருடைய வாயிலிருந்தும் வருகிறது. “பக்கத்துக் காலி மனையில் தினமும் சருகு கொளுத்துகிறார்கள், நாங்கள் என்ன செய்வது?” நாங்கள் வழக்கமாகச் சொல்லும் விடை இதுதான்: சன்னலைச் சாத்துங்கள், முகக்கவசம் அணியுங்கள், இன்ஹேலரைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொள்ளுங்கள். விடையில் பிழையில்லை. ஆனால் அது பாதி விடைதான். புகையை உண்டாக்கியவரை விட்டுவிட்டு, அதைச் சுவாசிக்க நேர்ந்தவர் தலையிலேயே முழுக் கடமையையும் சுமத்துகிறது. மீதிப் பாதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

தாம்பரத்தில் இதை எழுதுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. காற்றை மருந்தாகக் கருதிய காலத்தில் பெயர்பெற்ற ஊர் இது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்திய டாக்டர் சவரிமுத்து, 1928-இல் தாம்பரத்தில் சானடோரியத்தை நிறுவினார். காசநோயைக் கொல்லும் மருந்து எதுவும் அன்று கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். திறந்த வெளி, ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று ஆகியவையே சிகிச்சை. இன்று அந்த வளாகம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது. ரயில் நிலையமும் சானடோரியம் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

பின்னர் நிலைமை மாறியது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. மாத்திரைகளை முறையாக உட்கொண்டால், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவோரும் சானடோரியத்தில் தங்குவோரைப் போலவே குணமடைகிறார்கள் என்று 1959-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. உலகின் பல நாடுகள் வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதற்கு அந்த ஆய்வு பெருங்காரணம். நெஞ்சக நோயாளிகளுள் மிகப் பலர் இன்று மாதக்கணக்கில் இருப்பது வீட்டில்தான். அப்படியானால் சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ உள்ள அந்த வீட்டின் காற்றே அவருடைய வார்டின் காற்று. வார்டுக்குள் ஒருவர் சருகு கொளுத்த வந்தால் நாம் பொறுப்போமா?

சருகுப் புகை இயற்கையானது, அதனால் கேடில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஈரம் கலந்த இலைகள் கொழுந்துவிட்டு எரிவதில்லை, புகைந்து கனல்கின்றன. குறைந்த வெப்பத்தில், போதிய காற்றின்றி எரிவதால்தான் புகை மிகுதியாகிறது. அதிலுள்ள நுண்துகள்கள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு இருப்பவை. மூக்கும் தொண்டையும் தடுக்க இயலாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்றுவிடும். இவ்வகைத் துகள்களுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த அளவோ 15 மட்டுமே. ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி ஆகிய இடங்களில் காற்றை அளக்கும் நிலையங்கள் உள்ளன. ஆனால் அவை அப்பகுதியின் பொதுவான காற்றையே அளக்கின்றன. உங்கள் சன்னலிலிருந்து பத்தடியில் எரியும் குவியல் அந்த எண்ணில் தெரியாது. செயலியில் பச்சை நிறம் காட்டுகிறதே என்று நோயாளியின் இருமலை ஐயுறாதீர்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் கலந்தால், சாதாரண ஆக்சிமீட்டரால் அதைப் பிரித்தறிய முடியாது. எண் இயல்பாகவே காட்டக்கூடும். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுகுகிறது, முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல் 108-ஐ அழையுங்கள்.

இனி விதிக்கு வருவோம். எரிக்கக் கூடாது என்பது நாங்கள் கேட்கும் புதிய சலுகை அன்று. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், தெருவிலும் பொதுவெளியிலும் குப்பையை வீசவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று தெளிவாகக் கூறின. தோட்டக் கழிவைத் தம் வளாகத்திலேயே தனியாகச் சேமித்து, உள்ளாட்சி சொல்லும் முறையில் அகற்ற வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு நாடு முழுவதும் தடை விதித்தது. சிறிய அளவில் எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் செலுத்த வேண்டும் என்றது. காற்றை உடல்நலத்துக்குக் கேடாக்குவது குற்றவியல் சட்டத்திலும் குற்றமே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதற்கு 500 ரூபாய் வரை அபராதம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை. விதிக்குப் பஞ்சமில்லை. ஆனால் சருகு எரித்ததற்காக எவரேனும் 5,000 ரூபாய் கட்டினார் என்ற செய்தி எங்கள் காதில் விழுவது அரிது.

அபராதத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. தீக்குச்சியை உரசுபவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, அல்லது தெருவைக் கூட்டி முடித்தவர், அல்லது தோட்ட வேலைக்கு வந்து மாலைக்குள் இடத்தைச் சுத்தமாக்கிவிட்டுப் போக வேண்டியவர். கூட்டிய சருகை எடுத்துச் செல்ல வண்டி வரவில்லை. குவியலாகக் கிடந்தால் வசை கிடைக்கும். கொளுத்திவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவரிடம் 5,000 ரூபாய் கேட்பது விதியின் சொல்லுக்குப் பொருந்தலாம், நியாயத்துக்குப் பொருந்தாது. எடுக்க வழி செய்யாமல் கூட்டச் சொன்னவர் மீது விதி திரும்ப வேண்டும். குடியிருப்போர் சங்கம், மனையின் உரிமையாளர், வளாகத்தை நிர்வகிக்கும் நிறுவனம் ஆகியோர் பெயரில் நோட்டீசு போக வேண்டும். மருத்துவமனை வளாகங்களுக்கும் இதே அளவுகோல்தான். மரம் நிறைந்த எந்த வளாகமும் ஒரு மூலையில் குழி வெட்டிச் சருகை மக்கவைக்க முடியும்.

தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021 நவம்பரில். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து எழுபது வார்டுகளாயின. இத்தனை ஊர்களும் குப்பையைக் கையாண்ட முறை ஒன்றாக இருந்ததில்லை. கன்னடபாளையத்துக் குப்பைமேட்டை அறிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள பெருங்குடியில் 2022 ஏப்ரல் 27 அன்று குப்பைக்கிடங்கில் பற்றிய தீ, நாட்கணக்கில் அணையாமல் புகைந்தது. மட்கும் குப்பையும் மட்காத குப்பையும் கலந்து மலையாகக் குவியும்போது உள்ளே மீத்தேன் உருவாகிறது. கோடையில் ஒரு பொறி போதும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ராம்சார் தகுதி பெற்றதும் அதே ஆண்டில்தான் என்பது ஒரு வேடிக்கை. ஆக, தெருமுனைச் சருகும் கிடங்கின் மலையும் ஒரே கோளாறின் இரண்டு அளவுகள். குப்பையைப் பிரித்து, உரிய நேரத்தில் எடுத்தால் இரண்டும் குறையும்.

வயல் தீயைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் பஞ்சாப் வயல்கள் எரிவதைப் பார்த்துவிட்டு, இங்கும் உழவர்தான் காரணம் என்று எண்ணுகிறார்கள். தில்லியைச் சுற்றிய மாநிலங்களில் 2024 நவம்பர் முதல், இரண்டு ஏக்கருக்குக் குறைவாக நிலமுள்ளவருக்கு 5,000, ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 ரூபாய் என்று வசூலிக்கிறார்கள். அந்தக் கட்டணப் பட்டியல் அப்பகுதிக்கானது, நமக்கன்று. நம் பக்கத்தில் வைக்கோலுக்கு விலை உண்டு. மாடு தின்னும், காளான் வளர்ப்போர் வாங்குவார்கள். அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் அடித்தாளை எரிப்பவர்கள் இல்லாமல் இல்லை. அதுவும் நிற்க வேண்டியதே. ஆயினும் தென்சென்னைப் புறநகரில் நம்மை மூச்சுத்திணற வைப்பது பெரும்பாலும் வயல் அன்று, வயலாக இருந்து மனையாகப் பிரிக்கப்பட்ட நிலம். விற்காமல் கிடக்கும் மனையில் புல்லும் கருவேலமும் மண்டுகின்றன. பாம்புக்கு அஞ்சி அக்கம்பக்கத்தார் கொளுத்துகிறார்கள். அச்சம் உண்மையானதுதான். வெட்டி அகற்ற வேண்டிய உரிமையாளர் வேறெங்கோ இருக்கிறார்.

போகிக்கு வருவோம். மார்கழிக் கடைசியில் விடியற்காலைக் காற்று குளிர்ந்து, தரையோடு படிந்து கிடக்கும்; மேலே எழ வேண்டிய புகை கூரைக்கடியில் போல அடைபட்டு நிற்கும். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்ததில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. விமானத்தைத் திருப்பலாம், பல்லாவரத்தில் படுத்திருக்கும் ஆஸ்துமா நோயாளியை எங்கே திருப்புவது? டயர், ரப்பர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகிறது. பழைய பாயையும் கிழிந்த துடைப்பத்தையும் எரித்த காலத்துப் பண்டிகை அது. இன்று பாயே பிளாஸ்டிக் பாய். பழக்கம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. பண்டிகையைப் பழிக்க நாங்கள் விரும்பவில்லை. பழையன கழிவதற்குப் பழைய பொருள் வாங்குபவரின் தள்ளுவண்டியும் ஒரு வழிதான்.

இனிச் சொல்லப்போவது நோயாளியைப் பேணும் உங்களுக்கே. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. புண்ணுக்குக் கட்டிய துணி, உறிஞ்சு பஞ்சு, பெரியவர்களுக்கான டயப்பர், சளி துடைத்த தாள் ஆகியவற்றைக் கொல்லைப்புறத்தில் இரவோடிரவாக எரிப்பவர்கள் உண்டு. கிருமி பரவக் கூடாது என்ற அக்கறையும், தெருவில் போட்டால் பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சமும் காரணம். இரண்டும் புரிந்துகொள்ளத் தக்கவையே. ஆனால் டயப்பரில் பெரும்பகுதி பிளாஸ்டிக். அதன் நச்சுப்புகை முதலில் நுழைவது பத்தடி தள்ளி, அதே நோயாளி படுத்திருக்கும் அறைக்குள். இவற்றைத் தாளில் இறுகச் சுற்றி, அடையாளமிட்டுத் தனியே தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கலாம். ஊசிகளைத் துளைபடாத கெட்டியான டப்பாவில் சேர்த்து, அடுத்த முறை வரும்போது செவிலியரிடம் கேட்டு ஒப்படையுங்கள். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சென்ட்ரேட்டரோ இருந்தால், கொல்லையில் மூட்டும் தீ புகைக் கேடு மட்டுமன்று, நேரடித் தீ விபத்து அபாயம். ஊதுவத்தியும் சாம்பிராணியும்கூட அந்த அறைக்கு வேண்டாம்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது எளிதன்று என்பதை அறிவோம். அவசரத்துக்கு மருந்து வாங்கிவர நாம் அனுப்புவது அவர்கள் பிள்ளையைத்தான். அவர்களைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. பலர் சன்னலைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவதற்கு இதுவே காரணம். முதலில் நோயின் பெயரைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். “புகை வருகிறது” என்றால் சலிப்புண்டாகும். “அப்பாவுக்கு ஆக்சிஜன் ஓடுகிறது” என்றால் பெரும்பாலோர் தண்ணீரை ஊற்றி அணைத்துவிடுகிறார்கள். கேட்காவிட்டால் வார்டின் சுகாதார ஆய்வாளரிடமோ, முதல்வரின் உதவி எண் 1100-இலோ புகார் செய்யலாம். தீ பரவும் நிலையில் 101 அல்லது 112. தேதி, நேரம், இடம், ஒரு புகைப்படம் இருந்தால் போதும். எரித்த கூலியாளின் முகத்தைவிட, மனையின் அடையாளம் படத்தில் தெரிவதே பயன் தரும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீடு திரும்பும் நெஞ்சக நோயாளியின் குறிப்பில் “புகை தவிர்க்க” என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தாமல், குடியிருப்பின் அருகே எரிப்பது இவருடைய நோயைத் தீவிரப்படுத்தும் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். அந்தத் தாளைக் குடியிருப்போர் சங்கத்திடம் காட்டலாம். மாநகராட்சி மனுவோடு இணைக்கலாம். பகுதி சபையிலும் வைக்கலாம். 2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் பங்கேற்ற பகுதி சபைக் கூட்டம் நடந்தது நம் பம்மலில்தான். அங்கே தெருவிளக்கும் சாலையும் பேசப்படுவது போல, வார்டில் வாரம் எத்தனை நாள் சருகு வண்டி வரும் என்பதும் கேட்கப்பட வேண்டும். நோயாளி படுக்கையில் இருக்கலாம். குடும்பத்தில் ஒருவர் போய்க் கேட்கலாம். மரங்கள் இலை உதிர்க்கும் மாசிக்கு முன், தை மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.