பழைய பேடை வண்டிக்காரர் கையில் கொடுங்கள்

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக இறங்கும் கார்கள் பலவற்றில் பர்லியார் தாண்டும்போதே கருகல் வாடை அடிக்கத் தொடங்கிவிடும். கல்லாறு வந்ததும் ஓரங்கட்டிச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். கொதிக்கிற பிரேக் டிஸ்க் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். நிழலில் நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, மலைக்குப் போறோம்னு போன வாரம்தான் முன்னாடி பேடு மாத்தினோம்."

அதில் பொய் இருக்காது. பிரேக் பேடை மாற்றியிருப்பார்கள், ஆனால் சுற்றியுள்ள எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவது ஓட்டுநரின் தவறு, மறுக்கவில்லை. ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும்போது, எங்கள் தொழில்காரர்கள் அரைகுறையாக விட்ட வேலையும் கண்ணுக்குத் தெரிகிறது.

நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் முன்சக்கரத்தில் பேடுகளை அழுத்தும் காலிப்பருக்கு உள்பக்கம் ஒரே ஒரு பிஸ்டன்தான். அது உள்பக்கப் பேடைத் தள்ளும். அந்த விசையில் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து, வெளிப்பக்கப் பேடை டிஸ்க்கோடு இழுத்து அழுத்தும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து மழைத்தண்ணீர் உள்ளே போனால் பின்னில் துரு ஏறும். கிரீஸ் தார் மாதிரி இறுகிவிடும். அப்புறம் காலிப்பர் நகராது. காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வரும். உள்பக்கப் பேடு இரும்புத் தகடு வரை தேய்ந்து டிஸ்க்கில் கோடு போட்டிருக்கும். வெளிப்பக்கப் பேடோ பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். சக்கர இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தால் தெரிவது வெளிப்பக்கம்தான். "பேடு நிறைய இருக்கு சார்" என்று பலர் ஏமாறுவது இப்படித்தான்.

இந்த நிலையில் புதுப் பேடை மட்டும் சொருகி அனுப்புவது ஏமாற்று வேலை என்றே சொல்வேன். பின்னை உருவி, துருவைத் துடைத்து, பூட் கிழிந்திருந்தால் மாற்றி, சிலிகான் கிரீஸ் வைக்க வேண்டும். கைக்கு எட்டும் பேரிங் கிரீஸை அப்புகிறவர்கள் உண்டு; அந்தக் கிரீஸில் ரப்பர் உப்பி, பின் மறுபடியும் இறுகும். கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். டிஸ்க் அதற்கும் கீழே தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் சக்கரத்தை மாட்டக் கூடாது. பேடு மாற்றுவது எப்போதும் இடம், வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பார்க்க வேண்டும். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதித்த அளவு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும் வண்டிகள் இவை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பட்டறைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேடு மாற்றப் பேசும் கூலியில் பின் சுத்தம் செய்யும் நேரத்துக்குக் காசு கிடையாது. "சீக்கிரம் முடிங்க, வெயிட் பண்றேன்" என்று தலைமேல் நிற்கிறார்கள். வண்டிக்காரர்கள் அந்த வேலையைக் கேட்டு வாங்கி, அதற்குரிய கூலியையும் கொடுக்க வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் வந்து நிற்பதையும் விட வேண்டும். புதுப் பேடு டிஸ்க்கோடு படிய முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவு அதற்கான இடம் இல்லை.

பட்டறைகளிடம் நான் கேட்பது இரண்டுதான். கழற்றிய நான்கு பேடுகளையும் வண்டிக்காரர் கையில் கொடுத்து, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் சேர்த்து வைத்துக் காட்டுங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். பில்லில் பேடு விலை, பின் சுத்தம் செய்த கூலி, அளந்த டிஸ்க் தடிமன் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். என் பட்டறையில் அப்படித்தான் எழுதுகிறேன். கூலி அதிகம் என்று முனகியவர்கள்கூடப் பின்னின் துருவைக் கண்ணால் பார்த்த பிறகு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.