பலகையில் மட்டும் ஒன்றியம்

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் நோக்கிக் காவிரிக் கரையோரமாகப் பயணம் செய்பவர்கள் வழியிலுள்ள பள்ளிகளின் பெயர்ப்பலகையைக் கவனித்திருக்கலாம். ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரின் முதலிரு சொற்களும் ஏறத்தாழப் பொய் என்பதே என் வாதம்.

1981 ஜூன் 1 அன்று ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆக்கப்பட்டார்கள். அன்றோடு ஆசிரியரை நியமிப்பது, மாற்றுவது, மேற்பார்வையிடுவது ஆகியவை ஒன்றியத்தின் கையை விட்டுப் போயின. மிஞ்சியது கட்டடம். ஓடு உடைந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகவேண்டும். ஆசிரியர் வரவில்லையென்றால் கல்வித்துறை அலுவலரிடம் போகவேண்டும். சுவர் ஒருவருக்கு, சுவருக்குள் நடப்பது இன்னொருவருக்கு. இரண்டிலும் ஊருக்கு இடமில்லை. இத்தனைக்கும் தொடக்கப் பள்ளிகளைத் திறப்பதும் பேணுவதும் ஒன்றியத்தின் கடமை என்றே 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது.

இங்கிலாந்திலும் பள்ளிகள் உள்ளாட்சியை விட்டு வெளியேறிய கதை உண்டு. மார்கரெட் தாட்சர் ஆட்சியின் 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதற்கு வழி திறந்தது. 1998இல் தொழிற்கட்சி அரசு அந்த ஏற்பாட்டை ஒழித்தது. 2010இல் ‘அகாதமி’ என்ற பெயரில் அது மேலும் பெரிய உருவில் திரும்பி வந்தது. உள்ளூர் மன்றத்திடமிருந்து விடுதலை என்று சொல்லப்பட்டது, நடைமுறையில் லண்டன் அமைச்சகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தமாக முடிந்தது. ஆனால் 1988இன் ஏற்பாட்டில் ஒரு நாகரிகம் இருந்தது. வெளியேறலாமா கூடாதா என்று பெற்றோரிடம் வாக்கெடுத்தார்கள். தஞ்சை வட்டாரத்தில் எந்தப் பெற்றோரிடம் யார் கேட்டார்கள்? அங்கே வாக்குச்சீட்டு, இங்கே அரசாணை.

ஆசிரியர்களின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. ஒன்றியத் தலைவரின் முகம் கோணினால் இடமாறுதல், உரிய நாளில் வந்து சேராத சம்பளம், தேர்தல் காலத்தில் எடுபிடி வேலை என்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதிலிருந்து மீளப் போராடியவர்களை நான் குறை சொல்லவில்லை. குறை சிகிச்சையில் இருக்கிறது. தலைவரின் அட்டகாசத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள், தலைவரோடு ஊரையும் சேர்த்துப் பள்ளியின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஊதியத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் அரசு பொறுப்பேற்றது சரி. பள்ளி யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற கேள்வியையும் ஏன் சென்னைக்கு அனுப்பினோம்?

உள்ளாட்சிக்குக் கல்வியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கும் நண்பர்கள் திருவையாற்றை நினைத்துப் பார்க்கவேண்டும். வடமொழிக்கென்றே இயங்கிவந்த அரசர் கல்லூரியில் தமிழ்ப் புலவர் படிப்பு நுழைந்தது எப்படி? தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக ஏ.டி. பன்னீர்செல்வம் இருந்த காலத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாரின் ஒத்துழைப்போடு, உள்ளாட்சி எடுத்த முடிவு அது. தமிழ் படித்துப் பிழைக்கும் என் போன்றவர்கள் அந்த முடிவுக்குக் கடன்பட்டவர்கள். 1920இல் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டதும் சென்னை மாநகராட்சிதான். மாநிலம் முழுவதற்குமான திட்டங்கள் வந்தது பின்னாளில்.

எனக்கு எதிரான வாதங்களில் வலுவான ஒன்று உண்டு; அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஊர் என்றால் யாருடைய ஊர்? 1968 டிசம்பர் 25 இரவு அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஊர் அதிகாரத்தின் முகத்தைக் காட்டவில்லையா? மிராசுதாரின் பிடியில் பள்ளியைக் கொடுப்பதைவிட முகம் தெரியாத அதிகாரி மேல் அல்லவா? இந்த அச்சம் நேர்மையானது. ஆனால் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் ஊராட்சிகளில் இடங்களை ஒதுக்கியது. பெண்களின் பங்கு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. வேறொன்றையும் யோசிக்கவேண்டும். இன்று இந்தப் பள்ளிகளில் மிஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் வயல்கூலிகளின் பிள்ளைகள். மிராசுதாரின் பேரன் எப்போதோ டவுன் பள்ளிக்குப் போய்விட்டான். ஊர்ச் சபையில் பள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்கும் அதிகாரத்தைப் பறித்ததால் நட்டப்பட்டது மிராசுதார் அல்ல; அந்தக் கூலித் தாய்தான்.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே என்பார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தந்த குழு அது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் அவற்றைப் புதுப்பித்து அமைத்தது நல்ல காரியம். ஆனால் குழுவுக்குத் திட்டம் எழுதும் உரிமை உண்டு. பணம் ஒதுக்கும் கை மேலே இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் வருமா என்று மேட்டூரைப் பார்த்துக் காத்திருக்கும் கடைமடை விவசாயியின் நிலைதான் கடைமடைப் பள்ளிக்கும். குடிமராமத்து நின்றபின் வாய்க்கால் தூர்ந்த கதையை இந்த மண்ணுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. தன்னுடையது அல்லாததை எவனும் தூர்வாரமாட்டான்.

செய்யமுடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையிலுள்ள 29 பொருள்களில் பதினேழாவது, தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும். கேரளம் 1995இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளைக் கிராம ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாகவே நீடித்தார்கள். சம்பளமும் அரசிடமிருந்தே வந்தது. யாருடைய வேலையும் பறிபோகவில்லை. அதுபோல் இங்கும் நியமனமும் ஊதியமும் அரசிடம் இருக்கட்டும். கட்டடம், நூலகம், உணவு, வருகை ஆகியவற்றுக்கான நிதியும் பொறுப்பும் ஊராட்சிக்கு வரட்டும். தலைமையாசிரியர் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிராம சபையில் எழுந்து கணக்குச் சொல்லட்டும். அதற்கு முதலில் ஊராட்சி என்று ஒன்று இருக்கவேண்டும் என்பதும் உண்மை. 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் தஞ்சையில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளாட்சிக்கு வக்கில்லை என்று சொல்பவர்கள், அதை அடிக்கடி ஆளில்லாமல் போடுபவர்கள் யார் என்றும் சொல்லவேண்டும்.

நம் ஊரில் பெற்றோருக்கு வாக்கெடுப்பே இல்லை என்று மேலே எழுதினேன். அது முழு உண்மையல்ல. தினமும் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு கிராமத்துப் பேருந்து நிறுத்தத்திலும் அது நடக்கிறது. மஞ்சள் நிற வேன் வந்து நிற்கிறது, பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஊராட்சித் தலைவரின் பிள்ளையும் ஏறுகிறது, ஒன்றியப் பள்ளி ஆசிரியரின் பிள்ளையும் ஏறுகிறது. இந்தக் கட்டுரையை எழுதும் கல்லூரி ஆசிரியனின் பிள்ளையும் ஏறியதுதான். ஊரை வெளியேற்றிய பள்ளியிலிருந்து ஊர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு கோப்பு கிளம்பும் நாளில் நாம் யாரைக் குற்றம் சொல்லப் போகிறோம்?