யாரிடம் கேட்பது?



கேள்வி கேட்பதே அறிவின் தொடக்கம் என்பதை எவரும் மறுப்பதில்லை. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆனால், யாரிடம் கேட்பது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதுண்டா? பட்டா மாறுதல் வேண்டி அஞ்சலகத்தில் வரிசையில் நிற்பவரைக் கண்டால் நமக்கு இரக்கம் பிறக்கும். அஞ்சலக அலுவலர் எத்துணை நல்லவராயினும் அவரால் பட்டா வழங்க இயலாது. நின்றவரின் நேரமும் வீண். அவருக்குப் பின்னால் பதிவஞ்சல் அனுப்ப நிற்பவரின் நேரமும் வீண். கேள்வி நல்ல கேள்விதான். அது வந்து சேர்ந்த கதவுதான் வேறு.

கணினி உலகில், சிறப்பாகத் திறந்த மூல மென்பொருள்கள் என வழங்கப்பெறும் படைப்புகளைச் சுற்றி அமைந்துள்ள குழுக்களில், இவ்வாறு கதவு மாறி வரும் கேள்விகள் பெரும் சுமையாகியுள்ளன. நம் இல்லங்களில் கணினிக் கல்வி பயிலும் மக்கள் பலர் இருப்பதாலும், கைபேசி இல்லாத இல்லமே இன்று அரிது என்பதாலும், இதைப் பற்றி இம்முறை சிந்திக்க விழைகிறோம்.

திறந்த மூல மென்பொருள் என்பது யாது? ஒரு மென்பொருள் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை மறைக்காமல், எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை அளித்து வெளியிடுவதே அது. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் மென்பொருளைத் தொடங்கினார். ஆண்ட்ராய்டு கைபேசிகளின் உட்கருவாக இயங்குவது அந்த லினக்ஸே. இத்தகைய படைப்புகளில் பெரிய நிறுவனங்களின் ஊதியம் பெற்று உழைப்போரும் உண்டு. பகலெல்லாம் வேறு பணி செய்து, இரவில் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைப்போரும் மிகப் பலர். இவர்களுடைய கதவைத்தான் உலகம் தட்டுகிறது; பல வேளைகளில் தவறாகத் தட்டுகிறது.

பெயர் தெரிந்தவரே பொறுப்பாளரா?

சுவீடன் நாட்டைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் என்பவர் 1998-இல் கர்ல் என்னும் மென்பொருளை வெளியிட்டார். இணையத்தின் வழியே தகவல்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும் கருவி அது. கைபேசி, தொலைக்காட்சி, மோட்டார் கார் எனக் கணக்கற்ற பொருள்களுக்குள் இன்று அது அமர்ந்திருக்கிறது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஆக்கியோனின் உரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதே அவர் விதித்த எளிய நிபந்தனை. அக்குறிப்பில் அவருடைய பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இடம்பெற்றுள்ளன.

விளைவு என்ன? காரில் வழிகாட்டும் திரை பழுதாகிறது. உரிமையாளர் அத்திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தேடுகிறார். எங்கோ ஒரு மூலையில் ஒரு மனிதரின் பெயரும் முகவரியும் தென்படுகின்றன. "இவர்தாம் இதற்குப் பொறுப்பாளர் போலும்" என்று எண்ணி அவருக்கு எழுதிவிடுகிறார். அந்தக் காரை ஸ்டென்பெர்க் பார்த்ததுமில்லை. பழுது நீக்க அவரால் இயலவும் இயலாது. தம் சமூக ஊடகக் கணக்கை யாரோ களவாடிவிட்டதாக அவருக்கு எழுதியவர்களும் உண்டு. 2021 பிப்ரவரியில் ஒருவர், தமக்கு நேர்ந்த இழப்புகளுக்கெல்லாம் இவரே காரணம் என்று கருதிக் கொலை மிரட்டல் விடுத்து எழுதினார். சில மாதங்களுக்குப் பின் அவரே மன்னிப்புக் கேட்டும் எழுதினார் என்பது ஆறுதல். ஆயினும் இடையில் அம்மனிதரும் அவருடைய குடும்பத்தாரும் எத்துணை அச்சத்தில் இருந்திருப்பர்!

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். எழுதியவர்களுள் பெரும்பாலோர் தீயவர் அல்லர். துன்பத்தில் இருந்தனர், உதவி தேடினர், கண்ணுக்குத் தெரிந்த ஒரே பெயரைப் பற்றிக்கொண்டனர். வெள்ளத்தில் தவிப்பவன் அருகில் மிதப்பது கட்டையா, முதலையா என்று ஆராய்வதில்லை அன்றோ? ஆகவே கேள்வி திசைமாறுவதற்குக் கேட்பவரின் அறியாமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெயர்ப்பலகை எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு காரணமாகும்.

பலகையைத் திருப்பி மாட்டியவர்கள்

இதற்கு மிகச் சிறந்த சான்று எஸ்க்யூலைட் என்னும் மென்பொருளின் கதை. தகவல்களை ஒழுங்காகச் சேமித்து வைக்கும் இக்கருவியை 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்னும் அமெரிக்கர் உருவாக்கினார். இன்று ஏறத்தாழ ஒவ்வொரு கைபேசியிலும் அது உண்டு. மெக்கஃபீ என்னும் வைரஸ் தடுப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்குள் இதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதனால் மக்களுடைய கணினிகளில், தற்காலிகக் கோப்புகள் சேரும் இடத்தில், எஸ்க்யூலைட் என்ற பெயர் தாங்கிய கோப்புகள் குவியலாயின. கண்டவர்கள் எரிச்சலுற்றனர். அப்பெயரை இணையத்தில் தேடினர். ஆக்கியோரின் தொலைபேசி எண்களைக் கண்டெடுத்தனர். நள்ளிரவில் அழைத்து எழுப்பி முறையிட்டனர்!

ஆக்கியோர் என்ன செய்தனர்? மக்களைக் கடிந்து அறிக்கை வெளியிடவில்லை. அக்கோப்புகளின் பெயரில் வரும் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதிவிட்டனர். அந்தப் பெயரைத் தேடிய சாதாரணப் பயனருக்கு அவர்களுடைய தொலைபேசி எண் எளிதில் கிட்டாமற் போயிற்று. 2006-ஆம் ஆண்டு தேதியிட்டு, இக்காரணத்தை அம்மென்பொருளின் மூல நிரலிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு அறிவுரை கூறுவதினும், ஒரு பலகையைத் திருப்பி மாட்டுவது சில வேளைகளில் பயன் மிக்கது என்பதை இதனால் அறிகிறோம்.

ஆற்று நீரும் அதன் கிளைகளும்

இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. ஆறு மலையில் பிறந்து, கால்வாய்களாகப் பிரிந்து, வயல்களை அடைகிறது. மென்பொருளும் அவ்வாறே. ஆக்கியோர் எழுதி வெளியிடுவதை, 1993-இல் தொடங்கிய டெபியன் போன்ற குழுக்கள் திரட்டித் தொகுக்கின்றன. டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் உபுண்டு தோன்றியது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு 2006-இல் லினக்ஸ் மிண்ட் தோன்றியது. ஒவ்வொரு மடையிலும் சில மாற்றங்கள் செய்யப்படுகின்றன. கடைமடை வயலில் நீர் கலங்கியிருந்தால், மலை உச்சிக்கு ஓடி முறையிடுவது முறையாகுமா? கலங்கல் அருகிலிருக்கும் மதகில் நேர்ந்திருக்கலாம் அல்லவா?

எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்னும் மென்பொருளை 1992 முதல் வளர்த்து வருபவர் ஜேமி ஜவின்ஸ்கி. டெபியன் குழுவினர், நிலைத்த தன்மை வேண்டி, ஒரு பதிப்பை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பது வழக்கம். அதனால், தாம் எப்போதோ திருத்திவிட்ட பிழைகளைப் பற்றி ஜவின்ஸ்கிக்கு மீண்டும் மீண்டும் முறையீடுகள் வந்தன. சலிப்புற்ற அவர், "இது மிகப் பழைய பதிப்பு" என்னும் எச்சரிக்கை பயனரின் திரையில் தோன்றுமாறு செய்தார். 2016-இல் இது இரு தரப்பாருக்குமிடையே கசப்பான வாதமாக வெடித்தது. இரு தரப்பாரும் நல்ல நோக்கமுடையவர்களே. இவரிடம் கேட்க வேண்டியது எது, அவரிடம் கேட்க வேண்டியது எது என்னும் எல்லை பயனருக்குத் தெரியாமற் போனதே கலகத்திற்கு வித்தாயிற்று.

இவையெல்லாம் சிறு தொல்லைகள்தாமே என்று சிலர் எண்ணக்கூடும். அல்ல. ஒரு குழுவில் விடை சொல்ல நான்கு பேரே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு வரும் கேள்விகளில் பாதி வேறிடத்துக்கு உரியவை எனில், உரிய இடத்துக்கு வந்தவருடைய கேள்வியும் அக்குவியலில் புதைந்து போகும். விடையளிப்போர் களைத்துப் போவர். சொற்களில் கடுமை ஏறும். முதன்முறையாகக் கேட்க வந்த இளைஞர் அக்கடுமையைக் கண்டு அஞ்சி ஒதுங்குவார். இறுதியில் உழைப்பாளிகளும் விலகுவர்.

அக்களைப்பின் விலை என்ன என்பதை 2024-இல் உலகம் கண்டது. எக்ஸ்இசட் என்னும் மென்பொருளை லாசே காலின் என்பவர் பெரும்பாலும் தனியாளாகவே ஊதியமின்றிப் பேணி வந்தார். பணி மெதுவாக நடக்கிறதென்று 2022-இல் அவரைச் சிலர் நெருக்கினர். தமக்கு மனநலத் துன்பம் உண்டென்றும், இது ஊதியமற்ற பணியென்றும் அவர் எழுதினார். அவ்வேளையில் உதவ வந்தவர்போல் நுழைந்து நம்பிக்கை பெற்ற ஒருவர், பிற்பாடு அம்மென்பொருளுக்குள் கள்ளக் கதவு ஒன்றை மறைத்து வைத்தார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதனை வெளிப்படுத்தியிராவிடில், உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் ஆபத்துக்குள்ளாகியிருக்கும். காலினை வருத்தியவை இடம் மாறிய கேள்விகள் அல்ல; நெருக்குதல்கள். ஆயினும், தனியே உழைப்பவரின் பொறுமை வற்றாத கிணறன்று என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

நாம் செய்யத்தக்கவை

கேட்பவர்க்கு முதற்கண் சில சொல்வோம்.

ஒன்று: இப்பொருள் யாரிடமிருந்து நம் கைக்கு வந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காரை விற்றவர், கைபேசியைச் செய்தவர், மென்பொருளைத் தொகுத்து வழங்கிய குழு எனக் கடைசியாக நம் கையில் தந்தவரிடமே முதலில் கேட்க வேண்டும். பிழை மேலே உள்ளதென்றால், அதனை மேலே கொண்டு செல்ல வழி அறிந்தவர் அவரே.

இரண்டு: இது பிழையா, நமக்குத் தெரியாமையா என்று பிரித்தறிய வேண்டும். பயன்படுத்தும் முறை தெரியவில்லையெனில், பயனர்கள் ஒருவருக்கொருவர் உதவும் குழு தனியே உண்டு. பிழை திருத்துவோர் கூடும் இடம் வேறு.

மூன்று: பதிப்பு எண்ணையும், செய்து பார்த்ததையும், கண்ட விளைவையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். அத்துடன் நம் உண்மையான நோக்கத்தையும் சொல்ல வேண்டும். சாவியைத் தொலைத்தவர், பூட்டை உடைக்கச் சுத்தியல் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டால், மாற்றுச் சாவி வைத்திருப்பவரும் கடைத்தெருவுக்குத்தான் வழி காட்டுவார்.

நான்கு: "இது இங்கே கேட்க வேண்டியதன்று" என்று சொன்னால் சினவாமல், நன்றி கூறி உரிய இடம் செல்ல வேண்டும். அது நிராகரிப்பு அன்று, வழிகாட்டல்.

குழுக்களை நடத்துவோர்க்கும் கடமையுண்டு. எவை இங்கே, எவை அங்கே என்பதை வாசலிலேயே எளிய மொழியில் எழுதி வைக்க வேண்டும். இத்தகைய திட்டங்கள் பலவற்றுக்கு இடமளிக்கும் கிட்ஹப் நிறுவனம், பிழை அறிவிப்போருக்கான படிவ வசதியை 2016-இலும், பொதுக் கேள்விகளுக்கெனத் தனிப் பகுதியை 2020-இலும் ஏற்படுத்தியது. எனினும் எழுதி வைப்பது மட்டுமே போதாது. கேள்வி கேட்பது எப்படி என்று எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-இல் ஒரு வழிகாட்டி எழுதினர். பல திட்டங்கள் அதனைத் தம் வாசலில் சுட்டி வைத்தன. வந்தவர்கள் அதனைப் படிக்காமலேயே தம் கணினிச் சிக்கல்களை அவ்விருவருக்கும் எழுதலாயினர்! "உங்கள் திட்டத்துக்கு நாங்கள் உதவி நிலையம் அல்லோம்" என்று அவர்கள் அவ்வழிகாட்டியின் தொடக்கத்திலேயே அறிவிக்க நேர்ந்தது. ஆகவே, பலகை தெளிவாயிருப்பதோடு, அதில் உள்ள பெயரும் உரியவரின் பெயராக இருத்தல் வேண்டும்.

பிறர் உழைப்பை இலவசமாகப் பெற்றுத் தம் பொருளை விற்கும் நிறுவனங்களுக்கு உள்ள கடமை இன்னும் பெரிது. ஆக்கியோனின் பெயரை உரிமைக் குறிப்பில் இடுவதோடு நின்றுவிடாமல், தம்முடைய உதவி முகவரியை அதனினும் எளிதாகக் கண்ணில் படுமாறு வைப்பதே நேர்மை. இல்லையேல், ஆதாயம் ஒருவருக்கு, நள்ளிரவுத் தொலைபேசி மற்றொருவருக்கு என்றாகிவிடும்.

எத்தனை பலகை வைத்தாலும் சிலர் கதவு மாறி வரவே செய்வர். அவர்களுக்கு இரண்டு வரியில், இகழ்ச்சியின்றி, உரிய வழியைக் காட்டி அனுப்பினால் போதும். வந்தவரும் மகிழ்வார், அடுத்த முறை தாமே இன்னொருவருக்கு வழி காட்டுவார்.

நம் கைபேசியின் அமைப்புகள் பகுதியில் உரிமைக் குறிப்புகள் என்றொரு பக்கம் உண்டு. ஓய்வாக இருக்கும்போது பிள்ளைகளுடன் அமர்ந்து அதனைத் திறந்து பாருங்கள். முடிவின்றி நீளும் அப்பட்டியலில், நாம் ஒருபோதும் சந்திக்காத மனிதர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவர்கள் நம் பழுதுகளுக்குப் பொறுப்பாளிகள் அல்லர். நம் நன்றிக்கு உரியவர்கள். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர்ந்துகொண்டால், நாளை அவர்கள் கேட்கும் கேள்வி, தட்ட வேண்டிய கதவையே தட்டும்.