உதையின் உயரமா, உதை படும் இடமா?

களரிப்பயிற்றுப் போட்டிகளில் 'சவிட்டிப்பொங்ஙல்' என்றொரு பிரிவு உண்டு. உயரத்தில் தொங்கும் பந்தைத் தாவி உதைக்க வேண்டும். யார் அதிக உயரத்தை எட்டுகிறாரோ அவருக்கே வெற்றி. 2020 டிசம்பரில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் களரி சேர்க்கப்பட்டதை வரவேற்றவர்கள், உதையை உயரத்தால் மட்டும் மதிப்பிடுவது கற்பவரின் காலையே மாற்றிவிடும் என்பதைப் பேசவில்லை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். கம்பம்மெட்டில் அன்றாடம் கலந்தொலிக்கும் இரு மொழிகளுள், தமிழ் உதையையும் மிதியையும் பிரித்துச் சொல்லும். மலையாளத்தின் 'சவிட்டு' இரண்டையும் குறிக்கும். சவிட்டுநாடகத்தின் பெயரில் உள்ளது தரையை மிதிக்கும் சவிட்டுதான். ஆகவே சவிட்டிப்பொங்ஙலை 'மிதித்தெழுதல்' என்றும் படிக்கலாம்: முதலில் ஊன்றல், பிறகே எழுச்சி. போட்டி அளப்பதோ எழுச்சியை மட்டும். வடக்கன் களரியின் கால்வீச்சுகளும் நேர்க்கால், கோண்கால், இருத்திக்கால் என்றே பெயர் பெற்றுள்ளன. அவை பெயரிடுவது உதையை அன்று, காலை. உதைக்கும் முன் உடலைப் பழக்க வேண்டும் என்ற அறிவு அப்பெயர்களில் இருக்கிறது.

தென் திருவிதாங்கூரில் வேரூன்றிய அடிமுறையின் நிலை இன்னும் மோசம். 1956இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்த பின்னரும் எல்லையின் இருபுறமும் தொடரும் இம்மரபு, அகத்தியரை ஆதி ஆசானாகவும் வர்மத்தை அடிப்படையாகவும் கொண்டது. அங்கே உதையின் மதிப்பு அது படும் இடத்தில் இருக்கிறது. 'தெக்கன் களரி' என்று பெயர் சூட்டி அம்மரபையும் அதே பந்தின் கீழ் நிறுத்துவது அங்கீகாரம் ஆகாது, அழித்தெழுதல்.

விதி கலையை மாற்றாது என்போர் தேக்வாண்டோவைப் பாருங்கள். தலையில் படும் உதைக்குக் கூடுதல் புள்ளி என்றால், வீரரின் கால் தலையைத்தான் தேடும்.

'அளக்க முடியாததற்கு எப்படி மதிப்பெண் தருவது?' என்பார்கள். மெய்ப்பயிற்றுக்கு எந்த அளவுகோலைக் கொண்டு தருகிறீர்கள்? அங்கே நடுவரின் பயின்ற கண் போதுமென்றால், இங்கும் போதும். தாழ்ந்த உதை ஆபத்தென்றால், எதிராளிக்குப் பதிலாகக் குறியிட்ட பொம்மையை நிறுத்துங்கள்.

சான்றிதழ் தேவைப்படும் மாணவர் போட்டியில் உள்ளதைத்தான் பயில்வார். ஆசானும் அதையே கற்பிக்க நேரும். ஒரு தலைமுறை கடந்தால் நுட்பம் போகும். அதைச் சுட்டும் சொல்லும் உடன் போகும். பிறகு அகராதிக்காக அச்சொல்லைத் தேடி அலைவது நம் துறையின் வேலையாகிவிடும். அதற்கு முன்பே விதியைத் திருத்தச் சொல்வது நம் கடமை.