எந்த இசைக்கு எந்த இடம்?

1937 ஆகஸ்ட் 12. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில் இருக்கும் டாங்கிள்வுட் தோட்டத்தில் பெரிய கூடாரம் அடித்து பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. நடத்துநர் செர்ஜ் கூசெவிட்ஸ்கி. நிகழ்ச்சி முழுக்க வாக்னர். நடுவில் பிடித்த இடிமழை கச்சேரியைத் திரும்பத் திரும்ப நிறுத்தியது. ‘சீக்ஃபிரீட்’ இசைநாடகத்தில் காட்டின் சலசலப்பைச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதை அன்று வாசிக்காமலே விட்டுவிட்டார்கள். அத்தனை மெல்லிய இசை அந்த மழைச் சத்தத்தில் யார் காதுக்கும் எட்டாது என்பதுதான் காரணம். விழாவை முன்னின்று நடத்திய கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் இடைவேளையில் மேடையேறினார். நிரந்தரக் கூரை ஒன்று வேண்டும், பணம் தாருங்கள் என்று கூட்டத்திடம் கேட்டார். அங்கேயே நன்கொடை சேரத் தொடங்கியது.

கூரை எழ ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதலில் வரைபடம் போட்டவர் ஃபின்லாந்தில் பிறந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எலியல் சாரினென். அவர் திட்டத்துக்குக் கையில் இருந்த பணம் போதவில்லை. 1,00,000 டாலருக்குள் முடிக்க வேண்டுமென்றால் வெறும் கொட்டகைதான் கிடைக்கும், அதற்குக் கட்டடக் கலைஞர் தேவையில்லை என்று அவர் எழுதிவிட்டார். பக்கத்து ஊரான ஸ்டாக்பிரிட்ஜைச் சேர்ந்த பொறியாளர் ஜோசஃப் ஃபிரான்ஸ் அந்தத் திட்டத்தைச் சுருக்கி, எளிமையாக்கிக் கட்டி முடித்தார். 1938 ஆகஸ்ட் 4 அன்று பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியோடு அது திறக்கப்பட்டது. விசிறி போல விரியும் தரை, இரும்புத் தூண்கள், சுவரில்லாத பக்கங்கள், உள்ளே சுமார் 5,000 பேருக்கு இருக்கை. 1988இல் கூசெவிட்ஸ்கியின் பெயரைச் சூட்டினார்கள். ஆனாலும் ரசிகர்களுக்கு அது இன்றும் ‘ஷெட்’தான். அதன் விளிம்பிலிருந்து புல்வெளி தொடங்குகிறது. கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஜமுக்காளம் விரித்து உட்காருகிறார்கள்.

ஆக, டிக்கெட் வாங்கும் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கேள்வி நிற்கிறது: கூரைக்குள்ளா, புல்வெளியிலா?

பெரும்பாலானவர்கள் இதை இரண்டே விஷயங்களை வைத்து முடிவு செய்கிறார்கள். ஒன்று விலை, மற்றொன்று வானிலை அறிக்கை. இரண்டும் நியாயமானவைதாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அன்றைய நிகழ்ச்சி நிரலை. என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்க வேண்டும். அந்தக் கொட்டகையே ஒரு மெல்லிய பகுதியை வாசிக்க முடியாமல் போன நாளில் தொடங்கிய முயற்சிதானே.

கூரைக்குள் நடப்பதும் புல்வெளியில் நடப்பதும் ஒரே கச்சேரியின் விலை கூடிய, விலை குறைந்த இரண்டு வடிவங்கள் அல்ல. உள்ளே கேட்பது கருவிகளிலிருந்து நேராக வரும் ஒலி. 1959இல் போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தின் ஒலியியல் வல்லுநர்கள் மேடைக்கு மேலே முக்கோணப் பலகைகளை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார்கள். வயலின், புல்லாங்குழல் போன்றவற்றின் ஒலியில் ஒரு பங்கு அந்தப் பலகைகளில் பட்டு உடனே கேட்பவர் பக்கம் திரும்பும். மீதி இடைவெளி வழியாக மேலே ஏறிக் கூரைக்கடியில் சுழன்று, அரங்குக்கு உரிய ஒரு நிறைவைத் தரும். பக்கச் சுவர்களே இல்லாத கொட்டகை மூடிய அரங்கைப் போல ஒலிப்பதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

வெளியே வந்தால் நிலைமை வேறு. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. புல்லும் மனித உடல்களும் ஒலியை விழுங்குகின்றன. அதனால் தொலைவில் இருப்பவர்களுக்கு ஒலிபெருக்கிதான் கதி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு மேடையிலிருந்து நேராக வரும் இசை கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதமாகச் சேரும், பக்கத்து ஒலிபெருக்கி உடனே ஒலித்துவிடும். இரண்டும் மோதாமல் இருக்க, ஒலிப் பொறியாளர்கள் ஒலிபெருக்கியை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். முதலில் வந்து சேரும் ஒலி எந்தத் திசையோ அங்கிருந்தே இசை வருவதாக மனிதக் காது எடுத்துக்கொள்ளும். அதைப் பயன்படுத்தி, இசை மேடையிலிருந்தே வருவதுபோலத் தோன்றச் செய்ய முடிகிறது. திறமையான வேலைதான். ஆனாலும் புல்வெளியில் இருப்பவர் கேட்பது, மேடையில் வைத்த மைக் கேட்டதை.

பகலா இரவா என்பதும் முக்கியம். வெயில் நேரத்தில் தரையையொட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ளது குளிர்ந்தும் இருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து கேட்பவர் தலைக்கு மேலே போய்விடும். அந்தி சாய்ந்து தரை குளிர்ந்ததும் இது தலைகீழாகிறது. ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகிறது. ஞாயிறு மதியத்தில் தேய்ந்து கேட்ட இசைக்குழு, சனி இரவில் அதே இடத்தில் நெருக்கமாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் மனதில் வைத்து நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் முடிவு எளிதாகிவிடும். மாலரின் முதல் சிம்பொனி தொடங்கும்போது தந்திக் கருவிகள் ஒரே சுரத்தை, காதுக்கு எட்டுமா எட்டாதா என்ற அளவில், நீளமாகப் பிடித்து நிற்கும். விடியலுக்கு முந்தைய அந்தக் காற்றைப் புல்வெளியில் பக்கத்து ஜமுக்காளத்தின் பேச்சே மூடிவிடும். அவருடைய ஒன்பதாவது சிம்பொனி முடிவில் இசை நூலிழையாகித் தேய்ந்து அணையும். அதைக் கூரைக்குள் கேட்காதவர் அந்தப் படைப்பின் முடிவைக் கேட்கவே இல்லை எனலாம். ஒற்றைப் புல்லாங்குழலில் தொடங்கும் டெபுசியின் ‘ஆட்டிடையத் தேவனின் பிற்பகல்’ முன்னிசை, செல்லோக்களும் டபுள்பாஸ்களும் தாழ்ந்த குரலில் தொடங்கும் ஷூபர்ட்டின் முடிவுறாச் சிம்பொனி எல்லாம் கூரைக்குள் கேட்க வேண்டியவை. ரவேலின் ‘பொலேரோ’ ஏமாற்றக்கூடியது. கடைசி நிமிடங்கள் மலைக்கு அப்பாலும் கேட்கும். ஆனால் சிறு முரசின் மெல்லிய தட்டலில் இருந்து அது படிப்படியாக வளர்வதுதான் அதன் உயிர். ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ தொகுப்பிலும் இதே நிலைதான். செவ்வாய் எங்கே உட்கார்ந்தாலும் அதிரும், மறைவிலிருந்து பாடும் பெண்குரல்கள் தேய்ந்து முடியும் நெப்டியூன் கூரைக்குள்தான் முழுமையாகக் கிடைக்கும்.

மறுபக்கம், புல்வெளிக்கென்றே அமைந்ததுபோல ஒலிக்கும் இசையும் உண்டு. ‘டாங்கிள்வுட் ஆன் பரேட்’ என்ற ஆண்டு விழா நாளில் சாய்க்கோவ்ஸ்கியின் 1812 முன்னிசையைப் பீரங்கிச் சத்தத்தோடு வாசிப்பது வழக்கம். பிறகு வாணவேடிக்கை. அன்றைக்குக் கூரைக்கு அடியில் இருப்பவருக்கு வானம் தெரியாது. கார்ல் ஆர்ஃபின் ‘கார்மினா புரானா’, திரைப்பட இசை மாலைகள், பாஸ்டன் பாப்ஸ் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைத் தைரியமாகப் புல்வெளியில் கேட்கலாம்.

கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1986 ஜூலையில் 14 வயது வயலின் கலைஞர் மிடோரி, லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இயற்றிய ‘செரினேட்’ படைப்பை அவரே நடத்த, டாங்கிள்வுட்டில் வாசித்தார். நடுவில் வயலினின் மேல் தந்தி அறுந்தது. முதல் வயலின் கலைஞரின் கருவியை வாங்கித் தொடர்ந்தார். அதிலும் தந்தி அறுந்தது. அடுத்தவரின் கருவியை வாங்கி, கலங்காமல் வாசித்து முடித்தார். அரங்கம் எழுந்து ஆரவாரித்தது, செய்தித்தாள்கள் அதைப் பற்றி எழுதின. தன் உடலளவுக்குப் பொருந்தாத, கைக்குப் பழகாத கருவியில் ஒரு சிறுமி அதைச் செய்த துணிவு கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் முழுமையாகக் கிடைத்திருக்கும். இப்போது புல்வெளியில் திரைகள் வைக்கிறார்கள். அதற்கு முன் தூரத்தில் இருந்தவர்களுக்கு மேடை என்பது வெளிச்சம் மட்டுமே. தனி வாசிப்புக்குப் பேர்போன ஒருவரைத் தேடிப் போகும் நாளில் கூரைக்குள் இருக்கை வாங்குவதே நல்லது.

இதைப் படித்துவிட்டுப் புல்வெளியை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது. செவ்வியல் இசைக்குப் புதியவர்களைக் கொண்டு வருவதில் அதற்கு இணையான இடம் குறைவு. டாங்கிள்வுட்டில் 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொட்டகைக்குள் அனுமதி இல்லை, புல்வெளிக்கு வரலாம். அங்கே குழந்தை புரளலாம், தூங்கலாம், இரண்டாம் பகுதியில் விழித்து எக்காளத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கலாம். அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும் என்ற பயம் இல்லாமல் ஒரு சிம்பொனியை முதன்முதலாகக் கேட்கும் வாய்ப்பை இவ்வளவு குறைந்த விலைக்கு வேறு எந்தப் பெரிய இசைக்குழுவின் அரங்கமும் எளிதில் தருவதில்லை. பாஸ்டன், நியூ ஜெர்சி பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குக் கோடையில் போய்த் தங்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கும் இது பொருந்தும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து பேத்தோவனைக் கேட்க முடிகிற இடம் அது.

ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. சிகாகோவுக்கு வடக்கே ஹைலண்ட் பார்க்கில் உள்ள ரவீனியா 1904இல் ஒரு மின்சார ரயில் பாதைக்குப் பயணிகளை இழுக்கத் தொடங்கிய பொழுதுபோக்குப் பூங்கா. 1936 முதல் சிகாகோ சிம்பொனியின் கோடைக்கால வீடு. அங்கே புல்வெளி சமதரை, மரங்கள் அடர்ந்தது. பெரும்பாலான இடங்களிலிருந்து மேடை கண்ணில் படாது. ரயில் சத்தம் கூரைக்குள்ளும் வரும். கிளீவ்லாந்து இசைக்குழுவின் பிளாசம் மையம் 1968இல் திறந்தது. அங்கே கூரைக்குள் சுமார் 5,700 பேர், புல்வெளியில் சுமார் 13,500 பேர். புல்வெளி சரிவாக ஏறுவதால் பின்னால் இருப்பவரும் மேடையைப் பார்க்க முடிகிறது. சிகாகோ மில்லேனியம் பூங்காவில் ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2004இல் திறந்த பிரிட்ஸ்கர் மேடையில் கூரை இசைக்குழுவுக்கு மட்டும்தான். நாற்காலிக்காரரும் புல்வெளிக்காரரும் ஒன்றாக நனைய வேண்டியதுதான். ஆனால் புல்வெளிக்கு மேலே வளைந்து நிற்கும் எஃகுக் குழாய்ப் பந்தலில் ஒலிபெருக்கிகளைச் சீராகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கே புல்லில் உட்காருவதில் இழப்பு மிகக் குறைவு. அந்த ஒலி அமைப்பைப் பார்த்த பிறகு மற்ற இடங்களின் புல்வெளிகளுக்கும் அதே அக்கறையைக் கேட்பது தவறில்லை.

சில நடைமுறைக் குறிப்புகள். டாங்கிள்வுட் கொட்டகையின் கடைசி வரிசைகளில் தூண் மறைக்கும் இருக்கைகள் உண்டு. டிக்கெட் வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இருக்கைக்கும், கொட்டகை விளிம்பை ஒட்டிய புல்வெளிக்கும் ஒலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. சீக்கிரம் போய் அந்த விளிம்பைப் பிடிப்பவருக்குக் குறைந்த விலையில் நேரடி ஒலி கிடைக்கும். உயரமான நாற்காலி பின்னால் இருப்பவரை மறைக்கும், தாழ்வான மடக்கு நாற்காலியே மரியாதை. மலைப்பகுதி என்பதால் ஜூலையிலும் இரவு குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். கொசு மருந்தும் வேண்டும். மழை வந்தாலும் கச்சேரி நடக்கும், பணம் திரும்பாது. மின்னல் தொடங்கினால் மட்டும் தயங்காமல் எழுந்துவிட வேண்டும்.

நால்வர் வாசிக்கும் சிற்றிசை என்றால் அதே வளாகத்தில் 1994இல் திறந்த செய்ஜி ஒசாவா அரங்கம் இருக்கிறது. வில்லியம் ரான் வடிவமைத்த அந்த அரங்கின் பின்பக்கம் புல்வெளியை நோக்கித் திறந்துகொள்ளும். உள்ளே சுமார் 1,200 பேர்தான் உட்கார முடியும் என்பதால் வெளியே இருப்பவரும் வாசிப்பவரிடமிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

இரண்டு நாள் தங்க முடிகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. டாங்கிள்வுட்டில் சனிக்கிழமை காலை ஒத்திகையைப் பொதுமக்கள் பார்க்கலாம். கச்சேரியைவிட விலை குறைவு. வழக்கமாக ஞாயிறு மதியம் வாசிக்கப் போகும் படைப்புகளைத்தான் அன்று ஒத்திகை பார்ப்பார்கள். கொட்டகைக்குள் உட்கார்ந்து, நடத்துநர் ஓரிடத்தில் நிறுத்தி ஒபோவிடம் ஏதோ சொல்லி, அதே நான்கு வரிகளை மறுபடி வாசிக்க வைப்பதைப் பார்க்கலாம். மறுநாள் மதியம் மரநிழலாகப் பார்த்துப் புல்வெளியில் இடம் பிடித்தால் போதும். வெயிலிலும் பேச்சிலும் சில மெல்லிய இடங்கள் தேயும். ஆனால் ஒபோவின் அந்த நான்கு வரிகள் வரும்போது, முந்தைய நாள் கேட்டவருக்கு அவை தப்பாமல் கேட்கும்.