புகை போகும் வழி

சிம்லாவில் என் நண்பரின் வீடு ஆங்கிலேயர் காலத்தது. 1864இல் அந்த ஊர் கோடைத் தலைநகரான பிறகு முளைத்த வீடுகளில் ஒன்று. கூடத்தில் பெரிய கணப்பு. எவ்வளவு விறகு போட்டாலும் முகம் சுடும், முதுகு நடுங்கும். வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடுகிறது.

அதனால் கணப்புக் குழிக்குள் பொருத்துகிற, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு ஒன்றை வாங்கிவிட்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான். புகைபோக்கிக்குள் அடிமுதல் உச்சிவரை எவர்சில்வர் குழாய் இறக்க வேண்டும் என்கிறது அடுப்போடு வந்த கையேடு. அந்தச் செலவு அடுப்பின் விலையை நெருங்குகிறது. ஒரு முழக் குழாயை நுழைத்து மண் பூசினால் போதும் என்கிறார் உள்ளூர் மிஸ்திரி. "நூறு வருஷமாகப் புகை போன வழிதானே?" என்று கேட்டார் நண்பர்.

நியாயமான கேள்வி. திறந்த கணப்பு ஏராளமான காற்றையும் சூட்டையும் மேலே தள்ளுகிறது. மூடிய அடுப்போ சூட்டை அறைக்குள் பிடித்து வைக்கிறது. அதற்காகத்தானே வாங்கியது? ஆனால், அகன்ற, குளிர்ந்த புகைக்கூண்டுக்குள் சூடு குறைந்த புகை தயங்கித் தயங்கி ஏறும்போது தார்போலப் படிகிறது. ஈர விறகானால் இன்னும் மோசம். அந்தப் படிவில் ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கியே எரியும்.

சிம்லாவின் பழைய வீடுகள் பல தஜ்ஜி முறையில் கட்டியவை. மரச்சட்டங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும். புகைபோக்கியை ஒட்டியே தேவதாரு உத்தரங்கள் இருக்கலாம். உள்ளே சாந்து உதிர்ந்திருந்தால் நெருப்புக்கு மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கும் அது வாசல். நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லும். மாடி அறையில் தூங்குவது நண்பரின் எண்பது வயது அம்மா.

முதலில் பழைய கரியைச் சுரண்டி விரிசல் பார்க்க வேண்டும். பிறகு அடுப்பின் புகைவாய்க்குப் பொருத்தமான குழாய், அதைச் சுற்றி வெப்பக் காப்பு, உச்சியில் மழைமூடி. புகை சூடு ஆறாமல் விரைந்து ஏறும். வருடந்தோறும் சுத்தம் செய்வதும் சுலபம்.

"பணம் சேரும்வரை அடுப்பு பெட்டியிலேயே இருக்கட்டும்" என்றேன். நண்பர் தயக்கத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

"இந்தக் குளிருக்கு இன்னொரு ரஜாய் வாங்கிக் கொடு, போதும்" என்றார் அம்மா.